வெட்டாத தேர்

“நேத்து ஆட்டம் முடிஞ்சதும் ஒரு வார்த்தை பேசாம எழுந்து போயிட்டேனே, ஏன்னு கேக்க மாட்டியா?”

கிண்ணத்தில் மிதந்த பொரித்த டோஃபுவைக் குச்சிகளால் அமுக்கியபடி கேட்டார் குராமோச்சி. ஒசாகாவில், ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்க ஆட்டங்கள் நடக்கும் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த உதோன் நூடுல்ஸ் கடை. மத்தியான நேரம், கூட்டம் அடங்கியிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த ஹதானோவுக்கு ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. முப்பது வயதாகாத அவன்தான் நேற்று அவரைத் தோற்கடித்தவன். அறுபதைத் தாண்டிய ஆட்டக்காரர் கடைசிப் பிரிவிலிருந்தும் கீழே விழுந்தால் அதோடு ஓய்வு. நேற்று ஜெயித்திருந்தால் குராமோச்சி இன்னும் ஒரு வருடமாவது ஆடியிருப்பார். ஹதானோவுக்கோ அந்த ஆட்டத்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

“உங்களுக்கு மனசு சரியில்லாம இருக்கும்னு நினைச்சேன், ஐயா.”

“தோத்ததுக்கா? நான் தோக்காத தோல்வியா? குனிஞ்சு குனிஞ்சு ‘தோத்துட்டேன்’னு சொல்லியே உங்க முதுகு வளைஞ்சு போச்சுன்னு சுமியே கிண்டல் பண்ணுவா.”

சுமியே என்பது அவர் மனைவியின் பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் ஹதானோ அவசரமாகத் தேநீர்க் கோப்பையை எடுத்தான்.

“போன வாரம் அவ உன் வீட்டுக்கு வந்தா இல்ல?”

கோப்பை பாதி வழியில் நின்றது.

“உங்க தெருவுல என் சிநேகிதன் ஒருத்தன் இருக்கான். பாத்துட்டு வந்து சொன்னான். அவகிட்ட நான் எதுவும் கேட்டுக்கல. கேட்டா அழுவா.”

“ஐயா, அவங்க வந்தது...”

“நீயும் சொல்ல வேண்டாம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவன், அவ என்ன கேட்டிருப்பான்னு எனக்குத் தெரியாதா? அவளை நான் குத்தம் சொல்லல. ஆட்டம் இல்லேன்னா நான் என்ன ஆவேனோன்னு அவளுக்குப் பயம். எனக்கு உன் மேலதான் வருத்தம்.”

“என்ன பண்ணினேன், ஐயா?”

“உன் தேரைக் கொண்டுவந்து என் மந்திரி வாயில வெச்சியே. மூலையில நின்ன மந்திரி உனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துப் பசங்ககூட அப்படி வெக்க மாட்டாங்க. வெட்டியிருந்தா அந்தத் தேர் என் படையில சேந்திருக்கும். அப்புறம் உன் ராஜா எங்க ஓடுவான்?”

ஹதானோவுக்கு அந்தக் கணம் கண்முன் வந்தது. நேரமெல்லாம் தீர்ந்து, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரே நிமிடம் என்ற கட்டம். அவன் தேரை வைத்து விரலை எடுத்ததும் அவர் நிமிர்ந்தார். பலகையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்தார். பிறகு தேரைத் தொடாமல், ஓரத்தில் கிடந்த ஒரு சிப்பாயை முன்னால் தள்ளினார். அங்கேதான் ஆட்டம் கை மாறியது.

“நீங்க அதைக் கவனிக்கலேன்னு நினைச்சேன்.”

“கவனிக்காம இருப்பேனா? கை பாதி தூரம் போயிடுச்சு. அப்பதான் சுமியே ஞாபகம் வந்தா. பன்னண்டு வயசுல இந்த ஆட்டத்துக்காக வீட்டை விட்டு வந்தவன் நான். பட்டம் எதுவும் வாங்கல. ஆனா ஜெயிச்ச ஆட்டமெல்லாம் நானா ஜெயிச்சது. கடைசியில ஒண்ணு மட்டும் பிச்சையா இருக்கணுமா?”

கடைக்காரம்மாள் வந்து தேநீர் ஊற்றினாள். “என்ன தம்பி, எங்க வாத்தியாரைச் சாய்ச்சுட்டு சாப்பாடு இறங்கலையாக்கும்?” என்று இடித்துவிட்டுப் போனாள்.

குராமோச்சி லேசாகச் சிரித்தார். பிறகு குரல் தணிந்தது.

“வெட்டியிருக்கலாமோன்னு காலையில பல் தேய்க்கும்போது தோணிச்சு. இங்க நடந்து வரும்போதும் தோணிச்சு. இன்னும் ஒரு வருஷம் அந்தப் பலகை முன்னால உக்காந்திருக்கலாம். ஆசை விடுமா? ஆனா நீ உன் வாயால சொல்லிட்டா எனக்கு நிம்மதி. வேணும்னேதானே வெச்சே?”

ஹதானோ அவரைப் பார்த்தான். சோறு கேட்கும் குழந்தையைப் போல அவர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, மேஜையில் நெற்றி படும்படி குனிந்தான்.

“ஆமாங்க ஐயா. வேணும்னேதான் வெச்சேன். உங்களைக் கேவலப்படுத்திட்டேன். மன்னிச்சிடுங்க.”

குராமோச்சி நீளமாக மூச்சு விட்டார். முகம் தெளிந்தது.

“இனிமே யாருக்கும் அப்படிச் செய்யாதே. சாப்பிடு, ஆறிப்போச்சு.”

அவன் தோளைத் தட்டிவிட்டு அவர் வெளியே போனார். ஹதானோ குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. போன வாரம் சுமியே வாசலில் நின்றபடியே சொன்னது இன்னும் காதில் இருந்தது: “அவர் மேல இரக்கப்பட்டு மட்டும் தோத்துடாதே, தம்பி. தெரிஞ்சா தாங்க மாட்டார்.”

மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வாக்கை அவன் மீறவும் இல்லை; மூலையில் நின்ற மந்திரியை அவன் உண்மையாகவே பார்க்கவில்லை.