எழுதியவன் காளத்தி

பழைய சுவடி ஒன்றை எழுத்தாணி புது ஓலைகளில் படியெடுத்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் பழைய ஓலைகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிடுவார்கள். கடைசி ஓலை மட்டும்தான் பாக்கி. அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘எழுதியவன் காளத்தி. பிழை பொறுத்தருள்க.’

“அதை எழுதாமல் விட்டுவிடு,” என்றது பழைய சுவடியின் முதல் ஓலை. “இந்தக் காவியத்தில் புலவர் வந்தால் அரசனே எழுந்து நிற்கிறான். எழுத்தாளன் என்ற சொல் ஒரே இடத்தில் வருகிறது. வாசலில் உட்கார்ந்து, சொன்னதை எழுதுகிறவன் அவன். அவனுக்கெல்லாம் பெயர் எதற்கு?”

கடைசி ஓலை சிரித்தது. “அண்ணே, நாற்பதாம் பாட்டு யாருடையது?”

“புலவருடையதுதான். ஊரே மனப்பாடமாகச் சொல்கிறதே!”

“நமக்கு முந்தைய சுவடி காளத்தி கைக்கு வந்தபோது அந்தப் பாட்டில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. மூன்று நாள் சோறு தண்ணியில்லாமல் யோசித்து, கடைசி இரண்டு வரியை அவனே எழுதினான். நான் அப்போது வெற்று ஓலையாக அவன் மடியில் கிடந்தேன். ஊர் சொல்வது அந்த இரண்டு வரியைத்தான்.”

“அடப்பாவி! அது குற்றமில்லையா?”

“அதற்குத்தானே மன்னிப்புக் கேட்டிருக்கிறான்?”

இந்தச் சுவடியைப் படியெடுக்கும்போது எழுத்தாணியும் இரண்டு சொற்களை மாற்றியிருந்தது.

“நான் எதை எழுதட்டும்?” என்று மெதுவாகக் கேட்டது.

“பெயரை எழுது. மன்னிப்பை விட்டுவிடு. அதை நான் ஆற்றுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்,” என்றது கடைசி ஓலை.