பூ வைக்கிற மாதிரி

"கையத் தூக்கு கண்ணு. பூ வெக்கிற மாதிரி."

மணப்பெண் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கைகளையும் தூக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

கடைக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

முகூர்த்த ரவிக்கை. அரக்குப் பட்டு. தோளில் சுருக்கம் இல்லை. அக்குளில் இழுப்பு இல்லை. இடுப்புப் பட்டி ஒரு நூல்கூட மேலே ஏறவில்லை.

கடை திறந்த நாளிலிருந்து இதுதான் அவளுடைய சோதனை. இந்தக் கண்ணாடி முன் பூ வைத்துப் பார்க்காமல் எந்த ரவிக்கையும் வாசல் தாண்டியதில்லை. பெரும்பாலும் எங்கேயாவது கொஞ்சம் பிடிக்கும். பிரித்துத் தைப்பாள். அவளே தைத்ததானாலும் அப்படித்தான்.

இதில் எங்கும் பிடிக்கவில்லை.

"எறக்கிட்டு இன்னொருக்காத் தூக்கு."

தூக்கினாள். துணி கையோடு போனது. கையோடு வந்தது.

அட சாமி, இதை நான் எப்போது தைத்தேன்?

ஞாபகம் இல்லை. இருந்தால்தான் ஆச்சரியம். வீட்டு முன்னறையில் ஒற்றை மிஷினோடு ஆரம்பித்தது, இப்போது பொள்ளாச்சிக் கடைவீதியில் கண்ணாடிக் கதவோடு நிற்கிறது. ஆவணி முழுக்கக் கல்யாண ஆர்டர். ஹூக் வைப்பது, ஓரம் மடிப்பதெல்லாம் வேலைக்கு வரும் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். ரவிக்கையின் உடம்போடு கையை இணைக்கும் வேலை மட்டும் அவளுடையது. அந்த ஒரு வளைவில்தான் கடையின் பேர் இருக்கிறது. அதை யாரையும் தொட விட்டதில்லை.

அகலக்கால் வைக்காதே என்று வீட்டுக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோள்தான் போய்விட்டது.

வலது கை காதுக்கு மேல் எழும்பவில்லை. மூன்று மாதம் மிஷின் பக்கமே போகக் கூடாது என்று நேற்று மதியம் டாக்டர் சொல்லிவிட்டார்.

மேஜைக்கு அடியில் ஒரு கட்டைப்பை இருந்தது. இதே கல்யாண வீட்டின் மீதி ரவிக்கைகள். வெட்டியாகிவிட்டது, கை இணைக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று காலையில் அவளேதான் மடித்து வைத்தாள். வெட்டிய பட்டைத் திருப்பிக் கொடுத்தவளிடம் இந்த ஊரில் அப்புறம் யார் துணி கொடுப்பார்கள்? தெரியும். தெரிந்துதான் மடித்தாள். இன்னும் சொல்லத்தான் இல்லை.

"எங்கியுமே பிடிக்கலீங்களே!" மணப்பெண்ணின் அம்மா தங்கமணி மகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இதுக்குத்தானுங்க உங்ககிட்ட வர்றது."

கடைக்காரி மணப்பெண்ணின் பக்கத்தில் போனாள். அக்குள் ஓரத்தை விரலால் லேசாகத் திருப்பினாள்.

உள்ளே ஒரு வெள்ளை நூல்.

மிஷினில் ஓட்டுவதற்கு முன்னால், துணி நழுவாமல் இருக்க ஊசியால் போடும் ஓட்டுத்தையல். தைத்து முடித்ததும் உருவிவிடுவார்கள். இதில் கொஞ்சம் உருவ மறந்திருக்கிறார்கள்.

அவள் ஓட்டுத்தையல் போடுவதே இல்லை. நேராக மிஷின்தான்.

தையல் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

இந்தக் கடையில் இடது கைக்காரி ஒருத்திதான்.

ஷம்ஷாத் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஹூக் டப்பா. தலை குனிந்திருந்தது. ஊசி ஓடவில்லை. கடைக் கத்தரி இடது கைக்கு ஒத்துவராது என்று வந்த முதல் நாளே அவளை ஹூக்குக்கு உட்கார வைத்தது. அப்புறம் அதை யாரும் யோசிக்கவில்லை.

நேற்று மதியம். தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் தைத்திருக்கிறாள்.

கோபம்தான் முதலில் வந்தது. கேட்காமல், கொள்ளாமல், அதுவும் முகூர்த்தப் பட்டில்! பட்டில் ஊசி இறங்கினால் இறங்கினதுதான். பிரித்தால் துளை போகாது. என்ன நெஞ்சழுத்தம்!

மறுபடி அந்த வளைவைப் பார்த்தாள்.

கோபம் அதற்குமேல் நிற்கவில்லை. உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் அவளுக்கே இப்படி விழுந்தது ஒன்றோ இரண்டோதான். எங்கே கற்றாள் இவள்? யார் சொல்லிக் கொடுத்தது?

"மிச்சத்தையும் நீங்களே தெச்சுக் குடுத்துரோணும்" என்றாள் தங்கமணி. "வேற ஆளுகிட்ட விட்றாதீங்க."

ஷம்ஷாத்தின் தலை இன்னும் குனிந்தது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடையின் பேர் பத்திரமாக இருக்கும்.

"இதத் தெச்சவங்களேதான் மிச்சத்தையும் தெப்பாங்க" என்றாள் அவள். மூலையைக் கை காட்டினாள். "எனக்கு இந்த அளவுக்கு வராதுங்க."

தங்கமணி மூலையைப் பார்த்தாள். அப்புறம் மகளைப் பார்த்தாள். மகள் இன்னும் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிக்கொண்டிருந்தாள். இறக்க மனசு வரவில்லை போலிருக்கிறது.

"செரி" என்றாள் தங்கமணி.

கடைக்காரி கட்டைப்பையை மேஜைக்கு அடியிலிருந்து இழுத்தாள். தன் மிஷினுக்கு வலப்பக்கம் வைக்கப் போனவள், சுற்றி வந்து இடப்பக்கம் வைத்தாள்.

"அக்கா..." ஷம்ஷாத் எழுந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"போ. போய் உக்காரு."

ஷம்ஷாத்தின் கையிலிருந்த ஹூக் டப்பாவை வாங்கிக்கொண்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்த வேலைக்குத் தோள் வேண்டாம்.

இத்தனை வருஷத்தில் அந்த மூலையில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் மிஷின் நேர் எதிரே. உட்கார்ந்திருப்பவரின் விரல், துணி திரும்பும் இடம், ஊசி இறங்கும் இடம் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தன.

ஷம்ஷாத் இடது கையால் பட்டைத் திருப்பினாள்.

மூலையில் இருந்தவள் ஊசியில் நூல் கோக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.