தூரப் போனவருக்கு வயது ஏறாது

கிண்ணியாத் துறையடியில், முப்பது தாண்டிய பரீதாவின் அப்பக்கடை வாங்குப் பலகையில் அன்றைக்கும் விஞ்ஞானம்தான் கதை. ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த கிளாக்கர் ஜமால்தீன் வாசிகசாலையில் படித்ததையெல்லாம் அங்கேதான் அவிழ்த்துவிடுவார்.

“இரட்டைப் பிள்ளையள்ல ஒருத்தனை வெளிச்சத்திர வேகத்தில வானத்துக்கு அனுப்பினா, திரும்பி வரக்குள்ள அவன் இளந்தாரியா இருப்பான். இஞ்ச நிண்டவன் கிழவனாப் போயிருப்பான்.”

சீனன்குடாவில் வேலை செய்யும் செல்லத்தம்பி விடவில்லை. “காக்கா, ஆர் இதைச் சோதிச்சுப் பார்த்தது?”

“அதுதானே கரைச்சல்! இரட்டைப் பிள்ளையும் வேணும், தூரத்துக்கு அனுப்பவும் வேணும். நம்மளால ஏலுமா? ஆனா கணக்குப் பிழைக்காது தம்பி. தூரப் போனவருக்கு வயசு மெதுவாத்தான் ஏறும்.”

பரீதாவின் கண் துறையிலேயே இருந்தது.

படகு வந்து அணைந்தது. பெட்டியோடு ஒரு பெண் இறங்கினாள். முக்காட்டுக்குள் நரைத்த முடி, கூனிய முதுகு, முன்பற்கள் இல்லை. பரீதா அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஜமால்தீன் மரியாதையாக எழுந்து இடம்விட்டார். “இருங்க உம்மா. பரீதா, உங்கட உம்மாவோ?”

“இல்ல காக்கா, தங்கச்சி. குவைத்தில வீட்டு வேலைக்குப் போய் நாலு வருசத்தால வாறா.”

“தங்கச்சியோ! உங்களை விட எத்தினை வயசு இளையவ?”

பரீதா அவளுடைய வெந்து தழும்பேறிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“கால் மணித்தியாலம்,” என்றாள். “தூரப் போனவ அவ, காக்கா. இஞ்ச நிண்டவ நான்.”