வின்ஷா கோட்டைக் கதவு

"கதவைத் திற, அவிஸ்! உன் புருஷன் வந்திருக்கேன்!"

ஃபுல்க் பிரபு போட்ட கூச்சலில் மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. தூக்குப் பாலம் மட்டும் அசையவில்லை.

காலையிலிருந்து தூறல் விடவில்லை. அகழிக்கு இந்தப் பக்கம், முழங்கால்வரை சேறு அப்பிக் கிடக்க, கம்பளி மேலங்கியைக் கழுத்திலிருந்து கால்வரை இழுத்து மூடிக்கொண்டு நின்றார் அவர். பிரான்சில் எத்தனையோ கோட்டைகளின் கதவைப் பிளந்தவர். இங்கிலாந்தின் வட எல்லையில் அவர் பெயரைக் கேட்டுக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிய படைகள் உண்டு. இப்போது சொந்த வீட்டு வாசலில் பிச்சைக்காரன்போல நிற்க வேண்டியிருக்கிறது.

மதில்மேல் அவர் மனைவி அவிஸ் வந்து நின்றாள். பக்கத்தில் கோட்டைப் பாதிரியார் ஆஸ்பெர்ன்.

"யாரது? ஓ, நீங்களா! மழையில அடையாளம் தெரியல. பார்த்து ரெண்டு வருஷமாச்சு இல்ல?"

"குத்திப் பேச இதுவா நேரம்? கதவைத் திற!"

"குதிரை எங்க? கூடப் போனவங்க எங்க?"

"குதிரை கால் ஒடிஞ்சு விழுந்துடுச்சு. ஆளுங்க பின்னால வராங்க. திறன்னா திற!"

"பெத்த மக கல்யாணம். விடிஞ்சு எழுந்து பார்த்தா உங்களைக் காணோம். சொல்லிக்காமக்கூட சண்டைக்குப் போயிட்டீங்க. கோயில் வாசல்ல அவ கையைப் பிடிச்சுக் குடுக்க அப்பன் இல்லாம, லாயக்காரன் பிடிச்சுக் குடுத்தான். ஊரே சிரிச்சுது. இப்ப வந்து திற திறன்னா?"

மதிலில் காவலுக்கு நின்ற இரண்டு பேர் சிரிப்பை அடக்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஃபுல்க் பல்லைக் கடித்தார். ஆயிரம் பேர் கொண்ட படை அவர் புருவத்தைப் பார்த்து நடக்கும். இவளிடம் மட்டும் எந்தக் காலத்திலும் எதுவும் செல்லாது.

"அம்மா, பாவம், நனையறாரு" என்றார் பாதிரியார்.

"நனையட்டும் சாமி. மகளும் அன்னிக்கு அழுது அழுது நனைஞ்சாதான்."

"அவிஸ், என் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு! கதவைத் திற!"

அவள் மதில் விளிம்பில் கையூன்றிக் குனிந்து அவரையே பார்த்தாள். தாடி நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. நெற்றியில் புதிதாக ஒரு வெட்டுக்காயம். பேசியபோது அவள் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் பெருசா வேணாங்க. 'தப்புதான் அவிஸ்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும். நானே ஓடிவந்து பாலத்தை இறக்கறேன்."

பாதிரியார் அப்போதே பாலத்து ஆட்களுக்குச் சைகை காட்டத் தயாரானார். 'சொல்லிடுங்க பிரபு' என்று கெஞ்சுவதுபோல மேலிருந்து தலையை ஆட்டினார்.

அந்த ஒரு வார்த்தை ஃபுல்க்கின் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினார். மேலே பார்த்தபடி நின்றதில் மழைநீர் கண்ணுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

"தப்பா? நானா?" என்று திடீரென்று சீறினார். "ராஜா கூப்பிட்டாரு, போனேன். கல்யாண வீட்டுல உங்கம்மா புலம்பலைக் கேட்டுக்கிட்டு இருக்கறதுக்குப் போர்க்களமே மேல்! அந்தக் கிழவி செத்த பிறகாவது வீடு அமைதியா இருக்கும்னு பார்த்தா, நீ இருக்கியே அவளுக்குப் பதிலா!"

அவிஸின் முகம் வெளுத்துப்போனது. பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"செத்துப்போன எங்கம்மாவையா இழுக்கறீங்க?" அவளுக்கு வார்த்தை தடுமாறியது. "உங்க கோலத்துக்கு மனசு இளகினேன் பாருங்க, என்னைச் சொல்லணும். இந்தக் கதவு இனி உங்களுக்குத் திறக்காது. போங்க, உங்க போர்க்களத்துலயே குடித்தனம் பண்ணுங்க!"

முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு விடுவிடென்று உள்ளே போனாள். பாதிரியாரும் தலையில் அடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்.

அவள் படியிறங்கி மறையும்வரை ஃபுல்க் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, புதர்க்காட்டை நோக்கி நடந்தார். வழியில் சேறு வழுக்கியது. கையை ஊன்றாமல் முகம் குப்புற விழுந்தார். தோளால் புரண்டு, தட்டுத்தடுமாறி எழுந்தார்.

புதர் மறைவில் வில்லாளிகள் வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். அவிஸ் நின்ற இடத்தையே இவ்வளவு நேரமும் குறிவைத்திருந்த அம்புகளை அப்போதுதான் இறக்கினார்கள்.

அவர்களுக்கு நடுவிலிருந்து ஸ்காட்லாந்துத் தளபதி மர்டோ எழுந்து வந்தான். முந்தின நாள் ஆற்றங்கரையில் ஃபுல்க்கின் படையை நிர்மூலமாக்கி, அவரை உயிரோடு பிடித்தவன். வந்த வேகத்தில் அவருடைய மேலங்கியைப் பிடுங்கி எறிந்தான். பிரபுவின் மணிக்கட்டுகள் தோல்வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

"கதவைத் திறக்கச் சொல்லுன்னேன், சொன்ன. எச்சரிக்கை குடுத்தா உன் பொண்டாட்டி நெஞ்சுல அம்பு பாயும்னேன், நீயும் வாயைத் திறக்கல. எல்லாம் சரியாத்தான் போச்சு!" மர்டோ ஆத்திரம் தாங்காமல் தரையை உதைத்தான். "ஒரே ஒரு மன்னிப்பு கேட்டிருந்தா அவளே திறந்திருப்பாளேய்யா! உள்ள புகுந்து கோட்டையைப் பிடிச்சிருப்பேன், உன்னையும் உசுரோட விட்டிருப்பேன். தூக்குல தொங்கப்போற நேரத்துலயும் அப்படி என்னய்யா வறட்டுக் கௌரவம்?"

ஃபுல்க் மதிலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இரண்டு நாளில் முதல்முறையாக மூச்சை நிம்மதியாக விட்டார்.

"திறந்திருப்பா. அதனாலதான் கேக்கல."