கறுப்பு மாவு

"அப்படியே பின்பக்கமா நடந்து வாங்க" என்றார் டாக்டர்.

ஹென்றி ஒரு அடி பின்னால் வைத்தான். இரண்டாவது அடியில் கால் பாவவில்லை. கை ஊன்றவும் தோன்றாமல் மல்லாக்கச் சாய்ந்தான்.

கதவோரம் நின்ற அவன் மனைவி அடைக்கலமேரி பாய்ந்து வந்து தாங்கிக்கொண்டாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் கை அவன் மேல் பட்டது.

அவளுக்கு ஆஸ்பத்திரிக்கு வரவே விருப்பமில்லை. அவனோடு வேலை செய்யும் லூயிஸ்தான் ராயபுரம் வீட்டுக்கே வந்து, "மூணு தபா வுயுந்துட்டான் தங்கச்சி, இட்டுக்கினு போய் காட்டு" என்று கெஞ்சினான். பஸ்ஸில்கூட அவள் தள்ளித்தான் உட்கார்ந்தாள்.

திருவொற்றியூரில் டார்ச் லைட் பேட்டரி செய்யும் ஆலை. பேட்டரிக்குள் கரித்தண்டைச் சுற்றி இறுக்குகிற கறுப்பு மாவை அரைப்பது ஹென்றியின் வேலை. மாங்கனீசுக் கல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் சேர்ந்தவன், பதினோரு வருஷமாக அரைக்கிறான். துப்பினால் எச்சில்கூடக் கறுப்பு.

டாக்டர் அவன் பெயரை எழுதச் சொன்னார். முதல் எழுத்து ஒழுங்காக விழுந்தது. போகப்போகச் சிறுத்து, கடைசி எழுத்து எறும்பளவுக்கு ஆகிவிட்டது.

பிறகு அவளிடம் திரும்பினார். "வீட்டுல சிரிச்சுப் பேசுவாராம்மா?"

"சிரிப்பா? பெத்த கொயந்த எந்திரிச்சி நடக்குது, அத்த பாத்தே சிரிக்கல டாக்டர். ஈஸ்டருக்கு நான் புதுப் பொடவ கட்டிக்கினு வந்து நிக்கிறேன், செவுத்தப் பாக்குற மாரி பாக்குறாரு."

ஹென்றி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

டாக்டர் பேனாவை மூடினார். மாவுத் தூசி நரம்பில் ஏறிவிட்டது என்றார். நடை தடுமாறும், குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் போகும், முகம் மனசு சொல்வதைக் கேட்காது. அரைக்கிற இடத்தை விட்டு உடனே மாற்றச் சொல்லிச் சீட்டு தருகிறேன், இதற்கு மேல் முற்றாமல் பார்த்துக்கொள்ளலாம், பழையபடி ஆகுமா என்பதை மட்டும் இப்போது சொல்ல முடியாது என்றார்.

கடைசியில் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"அப்போ... உள்ளாற சிரிக்கிறாரா டாக்டர்?"

டாக்டர் புரியாமல் நிமிர்ந்தார். "உள்ளுக்குள்ள எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. முகத்துக்குத்தான் வர மாட்டேங்குது."

அடைக்கலமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பாவம், நோயென்றதும் தாங்கவில்லை என்று நினைத்த டாக்டர் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஹென்றியின் கை அவள் தோளைத் தேடி வந்து தொட்டது.

"அயாத மேரி" என்றான், பஸ் நிறுத்தத்தின் பெயரை வாசிக்கிற கண்டக்டர் போல.

டாக்டர் தப்பாக நினைத்துக்கொண்டதும் ஒரு விதத்தில் நல்லதுதான். அவனுக்குப் புளியந்தோப்பில் எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று ஆறு மாதமாக நம்பி, நாளைக் காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடியில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று அவள் ரயில் டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தாள்.

அது இனி யாருக்கும் தெரிய வேண்டாம். அழுதுகொண்டே, டம்ளரைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தாள்.