வலது பெருவிரல்

பட்டறை பிரஸ்ஸில் என் வலது கை மணிக்கட்டோடு போன பிறகு, ஆறு வருஷம் ஒற்றைக் கையால் செங்கல் அடுக்கினேன். மாற்றுத்திறனாளி பென்ஷன் என்று ஒன்று இருப்பதையே லிங்கராஜபுரத்தில் ஆன்லைன் சென்டர் நடத்தும் மமதா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவளே விண்ணப்பத்தைக் கன்னடத்தில் நிரப்பினாள். ஆனால் தேய்ந்துபோன இடது கை விரல்கள் ஐந்தையும் ரேகை மெஷின் ஏற்கவில்லை.

"இன்னிக்குத்தான் கடைசி நாள் அண்ணா," என்றாள் மமதா.

நான் கையை எடுத்துவிட்டேன். மெஷினின் வெறும் கண்ணாடியில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் 'வலது பெருவிரல் சரி' என்று வந்தது.

மமதா என் மொட்டைக் கையைப் பார்த்தாள். "ஆய்த்து அண்ணா, ஒத்துக்கிச்சு. எதுவும் கேக்காதீங்க."

பென்ஷன் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை ரேகை வைக்கவேண்டும். நான் போய் சும்மா உட்காருவேன். போன கை வந்து வைத்துவிட்டுப் போகும். வாய்விட்டு நன்றி சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

இந்த வருஷம் விளக்கு அணைந்தபோது கண்ணாடியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. பாவம், பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறது. மமதா துடைக்கத் துணியை எடுத்தாள்.

"இரும்மா," என்று தடுத்து, என் இடது பெருவிரலை அதன்மேல் மெல்ல வைத்தேன்.

இன்னும் சூடாக இருந்தது.