ஈரப்பலா மரத்து மூலை

"கொசு இருக்குங்க மேடம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா எங்க ஊர்க் கொசு விருந்தாளியைக் கடிக்காது!"

போனில் கூசாமல் அடித்துவிட்ட இடாலியா, வாசலில் வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த கணவனைப் பார்த்து 'வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்' என்று விரலை ஆட்டினாள். ஷெர்மனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கனடாவிலிருந்து அந்த மிசஸ் பேட்டர்சன் கூப்பிடுவது இதோடு நாலாவது தடவை. மார்ச் மாதம் இந்தக் கடற்கரைக்கு வந்து மூன்று வாரம் தங்கப் போகிறாளாம். அதற்குள் எத்தனை சந்தேகம்! மழை எப்போது விடும்? லிமோன் டவுனிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு? சேவல் எப்போது கூவும்? போதாததற்குப் பனியில் தொண்டை கட்டிவிட்டது என்று கரகரத்த குரல் வேறு.

"ஒரு நிமிஷம் இருங்க மேடம், பேப்பர் எடுத்துக்கறேன்," என்று இடாலியா போனைக் கையால் பொத்தினாள்.

"இவளையும் விரட்டினேன்னு வெச்சுக்க, அந்த நீல ரூமு என் கோழிங்களுக்குத்தான். இப்பவே சொல்லிட்டேன்," என்றான் ஷெர்மன்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. காபி ஆறிவிட்டது என்று சொன்ன ஒரே குற்றத்துக்காக ஒரு ஜெர்மன்காரனைப் பெட்டியோடு வாசலில் நிறுத்தியவள் அவள். பல்லியைப் பார்த்து அலறிய அம்மாளுக்கும் அதே கதிதான். வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அந்த அறைப் பக்கம் எட்டு மாதமாக ஈ காக்கை வரவில்லை. பிள்ளைகள் தலைநகருக்குப் போய்விட்டார்கள். ஷெர்மன் விடிந்தால் கடலுக்குப் போய்விடுவான். பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் இல்லாமல் இடாலியாவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. இந்தக் கனடாக்காரி வந்தே ஆகவேண்டும்.

"நீ வேணா பாரு. இந்தத் தடவை கோவமே பட மாட்டேன்."

"யாரு, நீயா? கூடப்பொறந்த நெல்டாகிட்டயே இருபத்திரண்டு வருஷமா பேசாதவ!"

"யோவ், எங்க இருக்கான்னே தெரியாதவளை இப்ப எதுக்குய்யா இழுக்கறே?" என்று சீறியவள், அடுத்த நொடி போனில் தேனாகக் குழைந்தாள். "சொல்லுங்க மேடம்!"

"சாப்பாட்டுக்கு என்ன தருவீங்க?"

"தேங்காய்ப்பால்ல பீன்ஸ் போட்டுப் பொங்கின சோறு, மீன் குழம்பு. என் கைச் சோறு ஒரு தடவை சாப்பிட்டா ஊருக்குத் திரும்பிப் போகவே மனசு வராது."

"சோறு அடியில கொஞ்சம் தீஞ்சிருந்தாத்தான் எனக்குப் பிடிக்கும். கிடைக்குமா?"

கேட்டாளே ஒரு கேள்வி! இடாலியாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் சட்டியில் சோறு அடிப்பிடித்ததாகச் சரித்திரமே கிடையாது. ஷெர்மன் 'கொக்கரக்கோ' என்று மெதுவாகக் கூவினான்.

"அதுக்கென்ன மேடம்," என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள். "உங்களுக்குன்னு தனியாத் தீய்ச்சே தர்றேன்."

"வீட்டுக்காரம்மா எப்படி? ரொம்பக் கோவக்காரங்களா?"

"நானா? நான் பசு மேடம்!"

ஷெர்மனுக்குப் புரையேறிவிட்டது. அந்தப் பக்கமும் ஒரு இருமல் கேட்டது. பாவம், தொண்டை ரொம்பத்தான் கட்டியிருக்கிறது.

"சரி, பஸ்ஸை விட்டு இறங்கி எப்படி வரணும்?"

"சுலபம். சீனாக்காரர் கடையில இடது கைப் பக்கம் திரும்புங்க. நேரா வந்தா ஈரப்பலா மரத்து மூலை. அங்கேருந்து கடலைப் பார்த்து மூணாவது வீடு."

"சரி, வந்துடறேன்," என்று அவள் வைத்துவிட்டாள்.

இடாலியா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினாள். "பார்த்தியா? ஒரு வார்த்தை கோவமாப் பேசினேனா? உன் கோழிங்களுக்கு வேற இடம் பாரு!"

"அட, கெட்டிக்காரிதான் அந்தக் கனடாக்காரி," என்றான் ஷெர்மன். "சீனாக்காரர் கடையை மூடிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. ஈரப்பலா மரம் புயல்ல விழுந்து இருபது வருஷம். நம்ம ஊர்ல இன்னும் அதை வெச்சுத்தான் வழி சொல்லிட்டிருக்கோம். அந்த ஜெர்மன்காரன் மரத்தைத் தேடி அடுத்த ஊருக்கே போயிட்டானே! வர்றவங்க எல்லாரும் 'எந்த மரம், எங்க இருக்கு'ன்னு உயிரை எடுப்பாங்க. இவ ஒண்ணுமே கேக்கலையே!"

இடாலியாவின் ஆட்டம் நின்றது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு?"

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மறுபடியும் அடித்தது.

"மன்னிக்கணும், இன்னும் ஒரே ஒரு சந்தேகம்," என்றது கரகரத்த குரல். "ரூம்ல ஜன்னல்..."

"ரூமெல்லாம் கிடையாது!" என்று கத்தினாள் இடாலியா.

'கெடுத்தாளே காரியத்தை!' என்று ஷெர்மன் தலையில் அடித்துக்கொண்டான்.

இடாலியாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"உனக்கு எதுக்குடி ரூமு, நெல்டா? நேரா வீட்டுக்கு வாடி! கல்யாணச் சோத்தை நீ தீய்ச்சுட்டேன்னு அன்னிக்குப் பந்தியில வெச்சு உன்னைத் திட்டினேனே, இந்தத் தடவை நீயே சமை, மொத்தச் சட்டியும் கருகினாலும் நான் வாயே திறக்க மாட்டேன்!"